பழைய கணிப்பொறிக்கு எளிய இயங்குதளம்

பல்கலைக்கழக விடுதிகளில் வாழும் நம்மவரிடம் உள்ள மடிக்கணிப்பொறிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். புதிதாக வாங்கியவை சில. அண்ணன் வேலைக்குச் சென்றபின் தம்பிக்கு விட்டுச் சென்றவை பல. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தில் அக்காளுக்குக் கிடைத்து, அவள் மணமாகிச் சென்றபின் தங்கையின் கைக்கு வந்தவையும் உண்டு. வகுப்புக் குறிப்புகளைச் சேர்த்து வைப்பதும், ஆய்வேடு எழுதுவதும், உதவித்தொகைக்கு விண்ணப்பம் அனுப்புவதும் இப்பொறிகளை நம்பியே நடக்கின்றன.

இத்தகைய பொறிகள் பலவற்றுக்கு அண்மையில் ஓர் இடர் நேர்ந்தது. 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாளோடு, விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் முடிவுற்றன. பதிவு செய்துகொள்ளும் இல்லப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டென அறிவித்தார்கள். அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11க்கு மாறலாமே எனின், அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், ஏறத்தாழ 2018ஆம் ஆண்டு முதல் வந்த செயலிகளையும் கேட்கிறது. ஆகவே, விசைப்பலகையும் திரையும் நன்றாக இருக்கும் ஒரு பொறி, வயது ஒன்றே காரணமாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறது.

"புதியது வாங்கிக்கொள்" என்று சொல்வது எளிது. வாங்கும் வசதி எல்லோருக்கும் உண்டா? வீட்டிலிருந்து வரும் பணத்தில் உணவுக் கட்டணம் போக மிஞ்சுவது எவ்வளவு என்பதை நாம் அறிவோம். திருத்தம் பெறாத இயங்குதளத்தோடு இணையத்தில் உலவுவதும் தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் உறங்குவதை ஒக்கும். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. பழைய பொறி தாங்கக்கூடிய, இன்றும் பேணப்படுகின்ற, விலையில்லாத இயங்குதளம் ஒன்றைத் தேர்ந்து நிறுவுவதே அவ்வழி. நான் இயற்பியல் பயில்பவன். கணிப்பொறி எனக்குக் கருவியேயன்றிப் பாடமன்று. ஆயினும் விடுதி நண்பர்களின் பொறிகளைத் திருத்திக் கொடுத்துப் பழகியதால் அறிந்தவற்றை இங்கே முறைப்படுத்திக் கூற விழைகிறேன்.

இயங்குதளம் ஏன் பருத்தது?

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் ஏவும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று, யாருக்கு எவ்வளவு இடம், யாருக்கு எப்போது முறை என்று பங்கிட்டுக் கொடுப்பது இயங்குதளம். பந்தியில் பரிமாறுகிறவரைப் போன்றது அது. பரிமாறுகிறவரே பாதிச் சோற்றை உண்டுவிட்டால் பந்தியில் அமர்ந்தவர் நிலை என்னாகும்? பழைய பொறிகளில் நிகழ்வது அதுவே.

கணக்கைப் பாருங்கள். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்குக் குறைந்தது 64 மெகாபைட் நினைவகம் போதும் என்றார்கள். 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டா 512 மெகாபைட் கேட்டது. 2009இல் வந்த விண்டோஸ் 7 ஒரு ஜிகாபைட் கேட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பதோ 4 ஜிகாபைட். இருபதே ஆண்டுகளில் குறைந்தபட்சத் தேவை 64 மடங்கு ஏறிவிட்டது. வசதிகளும் பாதுகாப்பும் வளர்ந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், 2012இல் வாங்கிய பொறியின் நினைவகம் அதே 2 ஜிகாபைட்டாகவே நிற்கிறது. பொறி தளரவில்லை, அதன்மேல் ஏற்றிய சுமைதான் கூடியது.

தாமதம் எங்கே பிறக்கிறது?

நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் ஆராய்ந்த பின்னரே மருந்து தருதல் வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த முறை. கணிப்பொறிக்கும் அம்முறை பொருந்தும். பலர், "செயலி பழையது, ஆதலால் மெதுவாக ஓடுகிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் குற்றவாளி செயலியன்று. நினைவகப் பற்றாக்குறையும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் கூடிச் செய்யும் குற்றமே அது.

நினைவகத்தை நாம் படிக்கும் மேசையாகவும், ஹார்டு டிஸ்க்கை நூலகத்தின் அடுக்கறையாகவும் கொள்வோம். மேசைமேல் உள்ள நூலைக் கை நீட்டி எடுத்துவிடலாம். மேசை நிறைந்துவிட்டால், ஒரு நூலை அடுக்கறைக்கு அனுப்பிவிட்டுத்தான் மற்றொன்றைக் கொணர வேண்டும். நினைவகம் நிறைந்தபோது இயங்குதளமும் இவ்வாறே சில பகுதிகளை டிஸ்க்குக்கு அனுப்புகிறது. வேண்டும்போது திரும்பக் கொணர்கிறது.

நினைவகத்தில் ஒன்றைத் தேடி எடுக்க ஏறத்தாழ 100 நானோ வினாடி ஆகும். சுழலும் டிஸ்க்கிலோ ஏறத்தாழ 10 மில்லி வினாடி ஆகும். இது ஓர் இலட்சம் மடங்கு. மேசையிலிருந்து நூலை எடுக்க ஒரு வினாடி ஆகுமெனில், அடுக்கறையிலிருந்து கொணர ஒரு முழு நாளுக்கும் மேலாகும் என்று பொருள்! பொறி திணறும்போது டிஸ்க்கின் சிறு விளக்கு ஓயாமல் மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். அஃது இந்தப் போக்குவரத்தின் அடையாளமே. சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்கில் இதே வேலை பதினேழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்று அதே உவமையில் கூறலாம். மேசை சிறிதாயினும் அடுக்கறை அருகில் இருக்குமானால் துன்பம் பெரிதும் குறைகிறதன்றோ?

ஆகவே, எளிய இயங்குதளம் என்பது மாயமன்று. அது மேசைமேல் தன் பொருளைக் குறைவாகப் பரப்பி, நம் நூல்களுக்கு இடம் விடுகிறது. அவ்வளவே.

முதலில் கேட்க வேண்டிய மூன்று வினாக்கள்

எந்த இயங்குதளம் நல்லது என்று கேட்பதற்கு முன், நம் பொறியை நோக்கி மூன்று வினாக்கள் கேட்க வேண்டும்.

முதல் வினா: நினைவகம் எவ்வளவு? கடைக்காரர்கள் 'ராம்' என்று சொல்வது இதையே. 1 ஜிகாபைட்டா, 2ஆ, 4ஆ என்பதைப் பொறுத்தே மற்ற முடிவுகள் எல்லாம் அமையும்.

இரண்டாம் வினா: செயலி 32 பிட் வகையா, 64 பிட் வகையா? இதில் நுட்பம் ஒன்று உண்டு. செயலி 64 பிட்டாக இருந்தும், அதில் நிறுவப்பட்ட விண்டோஸ் 32 பிட்டாக இருக்கும் பொறிகள் ஏராளம். விண்டோஸின் அமைப்புப் பக்கத்தில் இயங்குதளத்தின் வகையும் செயலியின் வகையும் தனித்தனியே காட்டப்படும். நாம் பார்க்க வேண்டியது செயலியின் வகையையே. இதைக் கவனியாமல், நல்ல 64 பிட் பொறியை 32 பிட் என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு.

மூன்றாம் வினா: டிஸ்க் சுழலும் வகையா, எஸ்.எஸ்.டி. வகையா? சுழலும் வகையாயின், அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு புதுப் பொறியின் விலையில் ஒரு சிறு பங்கே. நினைவகச் செருகுவாய் ஒன்று காலியாக இருந்தால் அதையும் நிரப்பலாம். இவ்விரண்டும் எந்த இயங்குதளமும் தராத விரைவைத் தரும். வடநாட்டுக் கோடையின் புழுதி விசிறியில் அடைந்திருந்தால் முதலில் அதைத் துடைத்துவிடுங்கள். சூடேறிய செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து துடைப்பமேயன்றி மென்பொருளன்று.

லினக்ஸ் ஒன்று, வடிவங்கள் பல

பழைய பொறிகளுக்கு ஏற்றவை என்று கூறப்படுபவற்றுள் பெரும்பாலானவை லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1991ஆம் ஆண்டு, பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் சொந்தக் கணிப்பொறிக்கென இயங்குதளத்தின் கருப்பகுதியை எழுதத் தொடங்கினார். அதற்கு எட்டாண்டு முன்பே, 1983இல், ரிச்சர்டு ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் இணைந்தன. யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமை இருந்ததால், பலர் பலவகையாகத் தொகுத்து வெளியிட்டார்கள். டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்பவை அத்தகைய தொகுப்புகளின் பெயர்களே.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடியாகக் கொண்டு 'பாஸ்' என்னும் தொகுப்பை 2007இல் வெளியிட்டார்கள். விலையில்லா மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே அதுவும் இருந்ததை உங்களுள் சிலர் கண்டிருக்கலாம். கேரளத்துப் பள்ளிகளில் மாணவர் கணிப்பொறி பயில்வதே லினக்ஸில்தான். ஆகவே, இஃது ஏதோ வல்லுநர்களுக்கு மட்டும் உரியது என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு தொகுப்பு எடையுள்ளதா, எளியதா என்பதைக் கருப்பகுதி பெரிதும் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது திரைமுகப்பு. சாளரங்களையும் பட்டியல்களையும் படவுருக்களையும் காட்டும் பகுதியையே அவ்வாறு சொல்கிறேன். க்னோம், கேடிஇ என்பவை அணிகலன்கள் மிகுந்தவை. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி என்பவை அடக்கமானவை. ஒரே டெபியனில் க்னோமையும் வைக்கலாம், எல்எக்ஸ்க்யூடியையும் வைக்கலாம். "லினக்ஸ் போட்டும் பொறி மெதுவாகவே ஓடுகிறது" என்று குறை கூறுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "திரைமுகப்பு எது?" என்பதையே.

எந்தப் பொறிக்கு எது?

இங்கே ஒரு கொள்கையைச் சொல்லிவிடுகிறேன். நாம் தேட வேண்டியது உலகிலேயே மிக எளிய இயங்குதளத்தையன்று. நம் பொறி தாங்கக்கூடியவற்றுள் மிக நிறைவானதையே தேட வேண்டும். எளிமைக்கும் ஒரு விலை உண்டு. எடை குறையக் குறைய, இயங்குதளம் தானே செய்துகொண்டிருந்த வேலைகள் நம் தலையில் விழும். தேவைக்கு மேல் மெலிந்ததைத் தேர்ந்தால், பொறிக்கு மிச்சமான நேரத்தை நாம் செலவிட நேரும்.

64 பிட் செயலியும் 4 ஜிகாபைட் நினைவகமும் உள்ள பொறிக்கு, லினக்ஸ் மின்ட் தொகுப்பின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பரிந்துரைப்பேன். குறைந்தது 2 ஜிகாபைட் வேண்டும், இயல்பாகப் பணியாற்ற 4 ஜிகாபைட் நன்று என்று அதை வெளியிடுவோரே கூறுகிறார்கள். விண்டோஸில் பழகியவர்க்கு அதன் பட்டியலும் பணிப்பட்டையும் அயலாகத் தோன்றா. ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஐந்தாண்டுத் திருத்தம் உண்டு.

64 பிட் செயலியும் 2 ஜிகாபைட் நினைவகமும் உள்ள பொறியே நம்மிடையே மிகுதி. அதற்கு எல்எக்ஸ்க்யூடி முகப்போடு கூடிய டெபியனோ, லுபுண்டுவோ, எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு வரும் எம்எக்ஸ் லினக்ஸோ ஏற்றது. லுபுண்டுவை நிறுவுவது எளிது. ஆனால் அதன் நீடித்த பதிப்புகளுக்கு மூன்றாண்டுத் திருத்தமே உண்டு. டெபியனை நிறுவும்போது சில வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். ஆனால் மூன்றாண்டும், அதன்மேல் நீட்டிப்பாக இரண்டாண்டும் கிடைக்கும். 2025 ஆகஸ்டு 9ஆம் நாள் வெளியான டெபியன் 13ஐ இன்று நிறுவினால் படிப்பை முடிக்கும்வரை கவலையின்றி இருக்கலாம்.

நினைவகம் 1 ஜிகாபைட்டோ அதற்கும் குறைவோ ஆயின், ஆன்டிஎக்ஸ் என்பது நல்ல துணை. அது டெபியனையே அடியாகக் கொண்டது. முழுத் திரைமுகப்புக்குப் பதிலாகச் சாளரங்களை மட்டும் நிருவகிக்கும் சிறு மென்பொருளை வைத்துக்கொள்வதால் மிகக் குறைந்த நினைவகத்திலும் இயங்கும். 2003இல் ஆஸ்திரேலியரான பாரி காவ்லர் தொடங்கிய பப்பி லினக்ஸ் மற்றொன்று. அது தன்னை முழுவதும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு இயங்குவதால், டிஸ்க் பழுதான பொறியிலும் பென் டிரைவிலிருந்தே வேலை செய்யும். ஆனால் இயல்பாகவே எல்லா அதிகாரமும் உள்ள பயனராக நம்மை உள்ளே விடுகிறது. பலர் கைபடும் பொறிக்கு அஃது ஏற்றதன்று.

இன்னும் மெலிந்தது வேண்டுமெனில் டைனி கோர் உண்டு. 25 மெகாபைட்டுக்கும் குறைவான அளவில் திரைமுகப்போடு கூடிய இயங்குதளம்! வியப்புக்குரியதே. ஆனால் கம்பியில்லா இணைப்புக்கான கருவிகள்கூட அதில் இரா. ஒவ்வொன்றாக நாமே சேர்க்க வேண்டும். கற்பதற்கு அது நல்ல நூல். நாளை ஆய்வேடு ஒப்படைக்க வேண்டியவருக்கு நல்ல கருவியன்று. நான் சொன்ன கொள்கைக்கு இதுவே சான்று.

கூகுள் நிறுவனம் 2022இல் வெளியிட்ட குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்பதையும் சிலர் கூறுவர். அது 64 பிட் செயலியும் 4 ஜிகாபைட் நினைவகமும் கேட்கிறது. வேலைகள் பெரும்பாலும் உலாவிக்குள்ளேயே நடக்கும். விடுதி இணையம் இரவு பதினொரு மணிக்கு என்ன பாடுபடும் என்பதை அறிந்தவர்கள் இதை எண்ணித் துணியட்டும்.

32 பிட் பொறி வைத்திருப்பவர்களுக்குக் கசப்பான செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உபுண்டு தன் 32 பிட் நிறுவல் பதிப்பை 2017இல் நிறுத்தியது. டெபியன் தன் 13ஆம் பதிப்பில் நிறுத்தியது. குரோம் உலாவி 32 பிட் லினக்ஸை 2016இலேயே கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2025இல் வந்த 145ஆம் பதிப்போடு கைவிட்டது. 2023இல் வெளியான ஆன்டிஎக்ஸின் 23ஆம் பதிப்பு போன்ற சில, டெபியன் 12இன் துணையோடு 32 பிட்டிலும் வந்தன. ஆயினும் இத்தகைய பொறியை இனி இணையத்துக்கு நம்பாமல், எழுதவும் படிக்கவும் நிரல் பயிலவும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

உலாவி என்னும் பெருந்தீனிக்காரர்

எளிய இயங்குதளத்தைப் போற்றிப் பேசுகிறவர்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. இயங்குதளம் எளிதாயிற்று, இணையப் பக்கங்கள் எளிதாயினவா? இல்லை. எல்எக்ஸ்க்யூடி முகப்போடு கூடிய தொகுப்பு ஓய்வில் இருக்கையில் ஏறத்தாழ அரை ஜிகாபைட் நினைவகத்தைக் கொள்ளும். ஆனால் உலாவியில் திறக்கும் ஒரே ஒரு காணொளிப் பக்கமோ மின்னஞ்சல் பக்கமோ நூற்றுக்கணக்கான மெகாபைட்டை விழுங்கிவிடும். எந்த இயங்குதளத்தில் திறந்தாலும் அந்தப் பக்கம் அதே பக்கமே.

என் நண்பர் ஒருவர் வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்கிறார். அவருடைய பொறி 64 பிட் செயலி, 2 ஜிகாபைட் நினைவகம், சுழலும் டிஸ்க் கொண்டது. விசையை அழுத்திவிட்டுத் தேநீர்க் கடைக்குச் சென்று வந்தால்தான் திரை வரும் என்று நண்பர்கள் நகையாடுவது வழக்கம். அதில் எல்எக்ஸ்க்யூடியோடு டெபியனை நிறுவினோம். எழுதும் மென்பொருளும், இரண்டு மூன்று பக்கங்கள் திறந்த உலாவியும் ஒருங்கே இயங்கின. பத்துப் பக்கங்களைத் திறந்தபோது மீண்டும் பழைய திணறல் வந்தது. பிறகு அவர் எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கிப் பொருத்தினார். திணறல் பெரிதும் தணிந்தது. இன்று ஆய்வேட்டின் நான்காம் இயலை அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆனால் பத்துப் பக்கம் திறப்பதில்லை. வேண்டாத பக்கங்களை மூடுவது, விளம்பரத் தடுப்பான் ஒன்றை உலாவியில் சேர்ப்பது, காணொளியைக் குறைந்த தெளிவில் பார்ப்பது ஆகிய மூன்று பழக்கங்கள் இயங்குதள மாற்றத்துக்கு நிகரான பயன் தரும்.

நிறுவுமுன் சோதித்தல்

லினக்ஸின் பெருஞ்சிறப்பு, நிறுவாமலே பார்த்துக்கொள்ளலாம் என்பது. 8 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொகுப்பின் சொந்தத் தளத்திலிருந்தே அதன் நேரடிப் படிமத்தைப் பதிவிறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் போன்ற கருவியால் பென் டிரைவில் எழுதுங்கள். அதிலுள்ள பழைய கோப்புகள் அழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள். பொறியைத் தொடங்கும்போது எஃப்12 போன்ற உரிய விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்து தொடங்கச் செய்யலாம். அவ்வாறு இயங்கும்போது சற்று மெதுவாகவே இருக்கும். அதைக் கொண்டு வேகத்தை எடைபோடலாகாது. எடைபோட வேண்டியவை வேறு.

கம்பியில்லா இணைப்பு வேலை செய்கிறதா? விடுதி இணையம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்பதாயின், அந்த முறையிலேயே இணைத்துப் பாருங்கள். ஒலி வருகிறதா? திரையின் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறதா? மூடித் திறந்தால் உறக்கத்திலிருந்து எழுகிறதா? துறையின் அச்சுப்பொறியும் வகுப்பறை ஒளிவீழ்த்தியும் இணைகின்றனவா? ஒரு தொகுப்பில் இணையாத கம்பியில்லாச் சில்லு மற்றொன்றில் இணைவதுண்டு. ஆகவே, இரண்டு மூன்று தொகுப்புகளை இவ்வாறு பார்த்தபின் முடிவு செய்வது நன்று.

இன்னொரு சோதனை நமக்கே உரியது: தமிழ். தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து, கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். மெலிந்த தொகுப்புகள் சிலவற்றில் தமிழ் எழுத்துரு இராது. எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரியும். நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் குறை தீரும். எழுதுவதற்கு, தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அமைப்பை ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியின் வழியாகப் பெறலாம். வீட்டுக்குத் தமிழில் மடல் எழுத முடியாத பொறி எவ்வளவு விரைந்தோடினும் என்ன பயன்?

விட்டுக்கொடுக்க வேண்டியவை

ஆதாயத்தை மட்டும் கூறி இழப்பை மறைப்பது முறையன்று. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், ஆட்டோகேட் ஆகியவை லினக்ஸில் நேராக நிறுவத்தக்கவையல்ல. லிபர்ஆஃபீஸ் நம் பணிகளுக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் வழிகாட்டியாகிய பேராசிரியர் திருத்தி அனுப்பும் வேர்ட் கோப்பில் பக்க அமைப்பு சில சமயம் சிதையும். இணையவழித் தேர்வுகளுக்குரிய காவல் மென்பொருள்கள் சில விண்டோஸை மட்டுமே ஏற்கும். உங்கள் துறையில் இவை கட்டாயமா என்பதை முதலில் கேட்டறியுங்கள். கட்டாயமாயின், அந்நாளில் மட்டும் துறையின் ஆய்வகப் பொறியைப் பயன்படுத்த இசைவு பெற முடியுமா என்று பாருங்கள். பைத்தான், ஆர், லாடெக் போன்றவற்றைப் பயன்படுத்துவோர்க்கோ இழப்பு எதுவுமில்லை. லினக்ஸ் அவற்றின் பிறந்த வீடு போன்றது.

நிறுவுமுன் உங்கள் கோப்புகள் அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் படியெடுத்து, அந்தப் படியைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். தேர்வுக்கும் ஆய்வேட்டு ஒப்படைப்புக்கும் முந்திய வாரம் இவ்வேலைக்கு உரிய காலமன்று. விடுமுறையின் முதல் வாரமே உரியது.

நிறுவியபின் வாரம் ஒருமுறை திருத்தங்களை ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய விண்டோஸை விட்டு நாம் வெளியேறியதே திருத்தம் நின்றுபோனதால்தான். லினக்ஸிலும் காலம் கடந்த பதிப்பை வைத்துக்கொண்டிருந்தால் நிலைமை ஒன்றே. "என் பொறி பழையது, ஆகவே பழைய பதிப்பே பொருந்தும்" என்பார் சிலர். பொறி பழையதாக இருக்கலாம். பதிப்பு பேணப்படுவதாக இருத்தல் வேண்டும்.

நண்பர்களே, மடிக்கணிப்பொறி ஒன்றால் விளையும் கரிவளியின் பெரும்பகுதி, அதைத் தொழிற்சாலையில் செய்யும்போதே வெளிப்பட்டுவிடுகிறது. கழித்தெறியப்படும் பொறிகள் எங்கே போகின்றன என்பதைத் தில்லியின் சீலம்பூருக்குச் சென்றவர் அறிவர். அங்கே மின்கழிவை வெறுங்கையால் உடைத்துச் செம்பு பிரிக்கும் ஏழைத் தொழிலாளர் உள்ளனர். ஒரு பொறியை மேலும் மூன்றாண்டு பயன்படுத்துவது நம் பைக்கு மட்டுமன்றி அவர்தம் கைக்கும் செய்யும் நன்மையாகும்.

நம் மன்றத்தார் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்பணிக்கென ஒதுக்குவார்களாயின், ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பி தங்கையர்க்குப் பேருதவியாகும். பத்துப் பென் டிரைவும், ஒரு திருப்புளியும், பொறுமையுள்ள நால்வரும் போதும். அடுத்த பருவத்தில் அத்தகைய நாள் ஒன்று அமைந்தால், நால்வருள் ஒருவனாக நான் வந்து நிற்பேன்.